கந்தசாமி வண்டியின் மேல் துளை

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையிலிருந்தே ஆடிக் காற்று. கண்ணெல்லாம் மண். அகரம் தாண்டி மொட்டைப் பாறையில் வழக்கமான ஏற்றப் போட்டி. முழங்கை நீள ரிமோட் ஜீப்புகள். வேகம் கணக்கில் வராது. செங்குத்தில் மெல்ல ஊர்ந்து ஏற வேண்டும். கவிழ்ந்தால் அந்த ஓட்டம் போச்சு.

கந்தசாமி முதலிடம். எனக்கு மூன்றாவது வாரமாகத் தோல்வி.

எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஏனுங்க சார், உங்க வண்டி கரும்பலகையில நல்லா ஏறுமுங்க. பாறையிலதான் ஏற மாட்டேங்குது."

மெடிக்கல் ஷாப் ரஃபிக்கு டீ மூக்கில் ஏறியது. வாத்தியாராக இருந்த நானும் சிரித்தேன்.

கந்தசாமி ரிட்டையர் ஆன பஸ் டிரைவர். பிறந்தது பாலசமுத்திரம், பேச்சு இன்னும் அந்தப் பக்கத்துப் பேச்சு. அவரை இதற்குள் இழுத்து வந்ததே நான்தான். அவர் வண்டிக்குத் திருகு முடுக்கி, செட்டிங் வைத்துக் கொடுப்பதும் நான்தான். அது யாருக்கும் ஞாபகம் இல்லை.

முழங்காலுக்கு எண்ணெய். கேஸ் புக் செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெயில். பத்து மணிக்குக் கந்தசாமி ஸ்கூட்டரில் வந்தார். ரிமோட் வண்டி முன்னால் கூடைக்குள், துண்டு சுற்றி, கைக்குழந்தை மாதிரி. அடுத்த ஞாயிறு ஆனைமுதுகு. எங்கள் பாறையிலேயே மிகச் செங்குத்தான முகம்.

"ஓட்டறது நானுங்க, முடுக்கறது நீங்க. என்ன மாத்தோணும்னு சொல்லுங்க சார்."

பின் அச்சைச் சட்டத்தோடு பிடித்திருப்பவை நான்கு தண்டுகள். லிங்க் என்போம். மேலே இரண்டு, கீழே இரண்டு. மேல் லிங்கின் முன்நுனியை மாட்டச் சட்டத்தில் மூன்று துளைகள். நான் முன்பு வைத்துக் கொடுத்தது கீழ்த் துளை. ஏறும்போது பின்பக்கம் அமுங்காது, மூக்கு பாறையை விடாது. அவர் ஜெயித்ததெல்லாம் அந்தத் துளையில்.

மேல் துளைக்கு மாற்றலாம் என்றேன். உதாரணமும் சொன்னேன். பால்கேன் கட்டிய சைக்கிள்: பின்னால் பாரம் நன்றாக அமர்ந்தால் பின்சக்கரம் வழுக்காது.

வண்டியின் மூக்கை விரலால் தூக்கிப் பார்த்தார். "முன்னாடி தூக்காதுங்களா?"

வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிக் கேட்டிருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பேன்.

"தூக்காது" என்றேன்.

தூக்கும். பால்காரர்கள் மேட்டில் ஹேண்டில்பார் மேல் கவிழ்ந்து மிதிப்பது அதனால்தான். உதாரணத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டேன்.

திருகைக் கழற்றப் பார்த்தார். வலது கையில் நடுக்கம், திருகுச் சாவி மூன்று முறை நழுவியது. நானே வாங்கி மாட்டினேன். பொறுமையாக, நேராக, அழுத்தமாக.

ஒரு வாரம் கவிழட்டும், எல்லாரும் பார்க்கட்டும். இவ்வளவுதான் மனதில்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பேகம்பூர், ரஃபி கடை. முழங்கால் மாத்திரை பத்து, தைலம் ஒன்று.

ரஃபி சொன்னான்: "டிரைவருக்குக் கை ஆடுதுல்ல சார், மகன் செந்தில் ஸ்கூட்டர் சாவியக் கேக்குறாப்ல. இவரு பந்தயம் கட்டிட்டாரு. ஞாயித்துக்கிழமை வந்து பாரு, ஆனைமுதுகுல மூணுல ஒரு தடவ ஏத்திட்டா கை என் பேச்சக் கேக்குதுன்னு அர்த்தம், ஏறலைன்னா சாவிய நானே தாரேன்னு. ஸ்கூட்டர் இல்லைன்னா மனுசன் செத்துருவாரு சார். தெனமும் பஸ் ஸ்டாண்டுல பழைய கண்டக்டருகளோட உக்காந்தாத்தான் அவருக்குச் சோறு எறங்கும்."

கந்தசாமிக்குப் போன் செய்ய எடுத்தேன். என்னவென்று சொல்வது? துளையை மாற்றுங்கள் என்றால் ஏன் என்பார்.

நாளைக்கு.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பழைய பள்ளியில் கொடியேற்றம். மிட்டாய் இரண்டு. வெயிலில் நின்று தலைவலி.

மாலை அவரே போன் செய்தார். வீட்டில் கருங்கல் அடுக்கி ஓட்டிப் பார்த்தாராம். "ரெண்டு தடவ மல்லாந்திருச்சுங்க சார். ஆக்சிலேட்டர்ல கை வெடுக்குன்னு போயிருதுங்களோ?"

உண்மை வாய்வரைக்கும் வந்தது. வெளியே வந்தது வேறு: "புது செட்டிங். பழகினா சரியாயிரும்."

"நீங்க சொன்னாச் சரிங்க."

வைத்துவிட்டார். வெஞ்சனம் கத்திரிக்காய் வதக்கல். இரண்டு முறை போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மேகமூட்டம். காற்று இல்லை. ஓட்டுவதற்கு நல்ல நாள்.

செந்தில் வந்திருந்தான், அப்பாவுக்குத் தண்ணீர் பாட்டிலோடு.

முதல் ஓட்டம்: பாதி உயரம், பின்பக்கம் அமுங்கியது, மூக்கு எழும்பியது, மல்லாந்தது. இரண்டாவது: அதே இடம், அதே மாதிரி.

"மெதுவாக் குடுங்க டிரைவரே!" ரஃபி.

"மெதுவாத்தான் குடுக்கறேன் பாய்!"

மெதுவாகத்தான் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். விரல் நடுங்கியது உண்மை. கவிழ்த்தது விரல் இல்லை.

மூன்றாவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பினார். "சார், செட்டிங் ஏதாச்சும் மாத்தலாமுங்களா?"

திருகுச் சாவி என் சட்டைப் பையில். இரண்டு நிமிட வேலை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"வேண்டாம். செட்டிங் சரியாத்தான் இருக்கு."

மூன்றாவதும் மல்லாந்தது. சக்கரம் நான்கும் வானத்தைப் பார்த்துச் சுழல, நிறுத்தக்கூட இல்லை அவர். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மடியிலிருந்து ஸ்கூட்டர் சாவி.

"வீட்டுல போயிப் பேசிக்கலாம்ப்பா" என்றான் செந்தில். அழுதுவிடுவான் போல இருந்தது.

"சொன்னது சொன்னதுதான். இந்தா, பிடி."

ஸ்கூட்டரில் மகனுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து போனார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், பின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

அப்புறம் என் முறை. ஏறியது. முதலிடம். ரஃபி கைதட்டினான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

கேஸ் வந்தது. பால் கணக்கு நாளைக்கு. ஜெயித்தது பிடித்திருந்தது. நேற்று முழுக்கப் பிடித்திருந்தது. இதையும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 20, புதன்

தூறல். பதினொரு மணிக்கு வாசலில் கந்தசாமி. வேட்டி நுனியெல்லாம் சேறு. கையில் துணிப்பை.

"டவுன் பஸ்லயா வந்தீங்க?"

"ஆமாங்க. நின்னுட்டே. இப்பத்த டிரைவர் பையன் பிரேக்க மிதிக்கறதே சரியில்லீங்க." சிரித்தார். பைக்குள் அவர் ரிமோட் வண்டி. "நீங்களே வச்சுக்குங்க சார். உங்க கையில இருந்தா ஏறும். செட்டிங்குல கொறையில்லீங்க, கைதான்."

காபி குடித்தார். டம்ளரை இரண்டு கையால் பிடித்து. அப்படியும் தட்டில் சிந்தியது. மன்னிப்புக் கேட்டார், என் மனைவியிடம்.

அவர் போனதும் மேல் லிங்கைக் கழற்றிக் கீழ்த் துளையில் மாட்டினேன். கொல்லையில் கல் அடுக்கினேன், ஆனைமுதுகை விடச் செங்குத்தாக. முதல் தடவையே ஏறியது. இன்னும் இரண்டு முறை ஓட்டினேன். ஏறியது, ஏறியது.

நாலு மணிக்குச் செந்தில் போன்.

"ரொம்ப நன்றிங்க சார். நாங்க சொன்னா அப்பா கேக்கவே மாட்டாரு. உங்க முன்னாடி நடந்ததால நம்பிட்டாரு. இப்ப ஒண்ணு கேக்கச் சொன்னாரு. புது மாத்திரையில நடுக்கம் கொஞ்சம் கொறஞ்சிருக்காம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மட்டும், வெளிச்சத்துல, ஸ்கூட்டர் எடுக்கலாமான்னு. சார் என்ன சொன்னாலும் அதான்னு சொல்லிட்டாரு. பக்கத்துலதான் நிக்கிறாரு."

வண்டி என் மடியில் இருந்தது. சக்கரத்தில் ஈரமண்.

"வேண்டாம் தம்பி" என்றேன். "அந்தக் கையை நம்ப முடியாது."