ஆய்வாளர் உறங்கிய அறைக்குப் பூஜ்யம்

அனுப்புநர்
ம. செசிலி,
தலைவி, மீன் விற்கும் பெண்கள் குழு,
கடற்கரைத் தெரு, வட்டக்கோட்டை அருகில்,
அஞ்சுகிராமம் வழி, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
கட்டட அனுமதி மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
நாகர்கோவில்.

பொருள்: குழந்தைகள் காப்பகக் கட்டடத்துக்கு எரிசக்திச் சிக்கனச் சான்று மறுக்கப்பட்டது – மறு ஆய்வு கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சந்தையில் மீன் விற்கும் நாங்கள் எங்கள் பதினெட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு காப்பகம் கட்டியிருக்கிறோம். ஜூன் இரண்டாம் தேதி திறக்க வேண்டும். சான்று இல்லாமல் திறக்கக் கூடாது என்கிறார்கள். சென்ற மாதம் எங்கள் குழுவிலுள்ள பிரிஜாவின் இரண்டு வயது மகள் சந்தையில் அரிவாள்மணையைத் தொட்டு, விரலில் நான்கு தையல். அதனால்தான் இந்த அவசரம்.

2. கடலைப் பார்த்த சுவர் முழுக்கக் காற்று நுழைய ஓட்டை ஓட்டையான ஜாலிக் கற்கள் வைத்திருக்கிறோம். எதிர்ச் சுவரில் உயரத்தில் காற்றுத் துளைகள். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. மேற்கு வெயிலை வேம்பு மறைக்கிறது. மின்விசிறி இரண்டு உண்டு, பெரும்பாலும் தேவைப்படாது.

3. ஏப்ரல் 24, பகல் இரண்டு மணிக்கு ஆய்வு அலுவலர் வந்தார். மின்சாரம் இல்லை. விசிறியை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்று நாற்காலியில் காத்திருந்தவர் அப்படியே உறங்கிவிட்டார். குறையாகச் சொல்லவில்லை, அந்த அறை அப்படி. தரை கழுவிக்கொண்டிருந்த லிஜி, “மக்கா, சார் ஒறங்குதாரு, சத்தம் காட்டாதீங்க” என்று எங்களை வெளியே அனுப்பினாள். முக்கால் மணி நேரம் உறங்கினார். நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

4. எழுந்து, முகம் கழுவி, படிவத்தை நிரப்பினார். ‘குளிரூட்டியின் நட்சத்திர மதிப்பு’ என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டார், எங்களிடம் குளிரூட்டியே இல்லாததால். ‘சேமிக்கப்படும் மின்சாரம்’ என்ற கட்டத்திலும் பூஜ்யம். செலவே செய்யாத இடத்தில் எதைச் சேமிப்பது, ஐயா? ஐந்து நட்சத்திரக் குளிரூட்டி ஒன்றை மாட்டினால் தேறிவிடும், பிறகு போடாமலே வைத்துக்கொள்ளலாம் என்று அன்பாகத்தான் சொன்னார். நல்ல மனிதர், ஆகையால் பெயரை எழுதவில்லை. ஆனால் குளிரூட்டி வைத்தால் ஜாலியை அடைக்க வேண்டுமாம். அடைத்த பிறகு மின்சாரம் நின்றால் பிள்ளைகள் அவிந்து போவார்கள். இதை நினைத்தால் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

5. விதியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வந்த விதிதானே? அந்தப் படிவத்தில் காற்றுக்கும் ஒரு கட்டம் போடுங்கள்.

ஆகவே, தாங்களே ஒருநாள் பகல் இரண்டு மணிக்கு வந்து, விசிறியை நிறுத்திவிட்டு, அதே நாற்காலியில் கால் மணி நேரம் அமர்ந்து பார்த்துச் சான்று வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தங்களுக்கு உறக்கம் வராவிட்டால் குளிரூட்டியை நானே வாங்கி மாட்டுகிறேன்.

இடம்: வட்டக்கோட்டை
நாள்: 12.05.2025

தங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
ம. செசிலி