மூலை உடைந்த சிலேட்டுக் கல்

முருகன் துணை
கிள்ளான்

அன்பு மகன் ரிஷிக்கு அம்மா எழுதுவது. அந்தக் குளிரிலும் மலையாண்டவன் உன்னைச் சுகமாக வைத்திருப்பான். இங்கே நான் எழுந்து நடமாடுகிறேன், ஷா ஆலமில் உன் அக்கா கௌசல்யாவும் பிள்ளைகளும் நலம். கூரை வேலை முடிந்துவிட்டது. தகரம் இருந்தபோது மழையில் பேச்சே கேட்காது, இப்போது மழை வந்ததே தெரியவில்லை, மத்தியான வெயிலிலும் வீடு குளுகுளுவென்று இருக்கிறது. உன் ஊர் வீடுகளைப் பார்த்துவிட்டு வந்த நாளாக அப்பா கூரைக்குச் சிலேட்டுக் கல், சிலேட்டுக் கல் என்றே இருந்தாரே, ஓடு போதுமே என்றால், "ஓடு பாசி பிடிக்கும், கல்லு பேரன் காலத்துக்கும் நிக்கும், அது ஏறாம நான் எங்கயும் போகமாட்டேன்" என்பார். கல் லோரியில் வந்து இறங்கிய வாரமே போய்விட்டார்.

ஒன்று கேட்கவேண்டும், யோசித்துப் பதில் எழுது. காரியத்துக்கு ஐயர் கல் கேட்டபோது நீ அந்த அடுக்கிலிருந்துதான் ஒன்றை எடுத்தாய், அப்பா தட்டிப் பார்க்கையில் கைதவறி மூலை உடைந்த கல். அதில்தான் அப்பாவின் ஆத்மாவை நிறுத்தி எண்ணெயும் எள்ளுத்தண்ணீரும் விட்டோம். பதினாறாம் நாள் மோரிப் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, துணியில் கட்டிய கல்லை நீ தோளுக்குப் பின்னால் விட்டதைக் கரையிலிருந்து பார்த்தேன். லோரியில் வந்ததைக் கூரைக்கு வேண்டிய கணக்குக்கே நான் எண்ணி வாங்கினேன், அதனால் ஒன்று குறையும் என்று கூரை போட்ட லோகனிடம் சொல்லியிருந்தேன். அவன் இறங்கி வந்து, "குறையவும் இல்ல, மிச்சமும் இல்ல அக்கா, சரியா இருக்கு லா. எண்ணெ விட்டு பூச பண்ணுன கல்லு ஒண்ணு இருந்துச்சு, மூலை போயிருந்தாலும் சாமி கல்லாச்சேன்னு பூச ரூமுக்கு மேல வச்சுட்டேன்" என்றான். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். அதே கல்தான்.

துணியில் கட்டும்போது வேறு கல்லை மாற்றிக் கட்டிவிட்டாயா? ஆமாம் என்றால் திட்டமாட்டேன் ராசா, எனக்கு நிம்மதிதான். கௌசல்யா, "தம்பி தூக்கக் கலக்கத்துல மாத்தியிருப்பான், நீங்க எங்க வீட்டுக்கு வந்துருங்கம்மா" என்கிறாள். ஆனால் எந்தக் கல் கடலுக்குப் போயிருந்தாலும் கணக்கில் ஒன்று குறையத்தானே வேண்டும்? மழையில்லாத நாளிலும் அந்த இடத்தில் மட்டும் சொட்டுகிறது. லோகன் ஏறிப் பார்த்து, ஆணியும் பலகையும் காய்ந்துதான் கிடக்கிறது என்றான். கீழே சொம்பு வைத்திருக்கிறேன். நேற்று ஒரு சொட்டை நாக்கில் வைத்தேன், உப்புக் கரிக்கிறது.

லோகன் கழற்றித் தருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். நிறுத்தின கைதான் எடுக்கவேண்டுமாம், ஐயர் சொல்கிறார். தை அமாவாசைக்குள் வந்துவிடு. வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. முருகன் உன்னை நூறு வயது வைத்திருக்கட்டும். ஒன்றை மறக்காதே, சின்ன வயதிலிருந்து வாசலிலேயே "அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டுதான் உள்ளே வருவாய். இந்த முறை கூப்பிடாதே.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா இந்திரா