சரசு தைத்த உறை

ஞாயிறு, இரவு.

இன்று ஈப்போவில் பழைய கார் போட்டி. என் மோரிஸ் மைனருக்குப் பரிசு கிடைக்கவில்லை. பெயிண்டுக்கும் இன்ஜினுக்கும் முழு மார்க் போட்ட நடுவர், கதவைத் திறந்து சீட்டைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"சீட்டு ஒரிஜினல் இல்லையே அண்ணே. இந்தப் பூப்போட்ட துணிக்கு மார்க் போட முடியாதுலா. பிரிச்சு எடுத்துருங்க, அடுத்த வருஷம் கப்பு ஒங்களுக்குத்தான்."

தலையாட்டினேன். வெயிலில் தோல் சீட்டு சுடுகிறது என்று என் மனைவி சரசு தைத்துப் போட்ட உறை அது. அவளே இல்லாமல் போன பிறகு அதை நடுவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

குனோங் ராபாட்டில் இருக்கும் வீடு வரைக்கும் பேச்சுத்துணை இல்லாமல் ஓட்டி வந்தேன். வழியெல்லாம் எரிச்சல். காரை நிறுத்திய கையோடு பிளேடை எடுத்து, அவள் உட்காரும் பக்கத்து உறையின் ஓரத் தையலைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே பச்சைத் தோல் பளபளவென்று இருந்தது. ஒரு வெடிப்பு இல்லை. இத்தனை வருஷமும் அந்த உறைதான் அதைக் காப்பாற்றியிருக்கிறது.

முழுக்கப் பிரித்தால் கப்பு எனக்குத்தான். ஆனால் அதற்கு மேல் கை போகவில்லை. அவளுடைய ஊசி டப்பாவைத் தேடி எடுத்து, பிரித்த இடத்தைத் திரும்பத் தைத்தேன்.

அவள் தையல் எறும்பு வரிசை மாதிரி போகும். என்னுடையது கோணல்மாணலாக, பார்த்தவுடனே தெரிகிறது.

இனி அந்த உறையும் ஒரிஜினல் இல்லை.