டாக்டரம்மாவின் பாப்பா

இங்கிலாந்து
9.10.2024

அன்புள்ள சிம்ரன் அப்பாவுக்கு,

கர்த்தர் கிருபையில் சுகம். போனில் பேசினால் இருவரும் அழுதுவிடுகிறோம், அதனால்தான் கடிதம். ஆட்டோவில் சவாரி வந்தால் மதியச் சாப்பாட்டை மறந்துவிடுவீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இந்தக் கிராமத்துச் சர்ச் ஹாலில், முன்பு இங்கே வாழ்ந்த பெரிய மனிதர்களின் படங்களை மாட்டியிருக்கிறார்கள். ஒரு கப்பல் கேப்டன், ரோஜா வளர்த்தே பேர் வாங்கிய ஒருவர், அப்புறம் டாக்டர் ஈடித். படத்துக்குக் கீழே 'காஞ்சிபுரத்தில் மருத்துவம் பார்த்தவர்' என்று எழுதியிருந்ததை மறுபடியும் மறுபடியும் படித்தேன். நான் வாடகைக்கு இருப்பது அவர் வீட்டு மாடியில்தான். அவருடைய மகள் நம் சிம்ரனைப் போலவே ஆறு வயதில் காய்ச்சலில் போய், நம் ஊரிலேயே அடக்கமாம். கடைசிக் காலத்தில் அந்தம்மா வாசல் கதவைச் சாத்தவே விடமாட்டாராம், பிள்ளை வந்தால் என்ன செய்வது என்று.

நம் சிம்ரனுக்குப் பக்கத்தில் உடைந்துபோன வெள்ளைக்காரக் குழந்தைக் கல்லறை இருக்கிறதே, அதுதான் என்று மனம் சொல்கிறது. அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு நீங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. கல்லறைத் திருநாளுக்காவது போங்கள். இரண்டு பேருக்கும் மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். அந்தக் குழந்தையிடம், அம்மா வீட்டுக்குப் போ என்று சொல்லுங்கள். டிசம்பரில் கான்ட்ராக்ட் முடிந்ததும் வந்துவிடுவேன்.

அன்பு
ஏஞ்சல்

செவிலிமேடு, காஞ்சிபுரம்
3.11.2024

அன்புள்ள ஏஞ்சலுக்கு,

சாப்பாட்டு விசாரணையை அங்கிருந்தே நடத்துகிறாய். சாப்பிடுகிறேன், தாயே.

நேற்று, கல்லறைத் திருநாளுக்குப் போனேன். ஜெபம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் உள்ளே போகத் தைரியம் வந்தது. "இன்னாபா, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றார் காவல்காரர் சிட்டிபாபு. "வண்டி ஓட்டிக்கினு இருந்தேன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

பக்கத்துக் கல்லில் பெயர் தேய்ந்து போயிருந்தது. நம் பிள்ளை பெயரைப் பார்க்க என்னால் முடியவில்லை. இரண்டு மெழுகுவர்த்தியையும் ஏற்றிவிட்டு, நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டு, "பாப்பா, உங்கம்மா இங்கிலாந்துலதான் இருக்குது. இங்க தனியா இருக்காத, அம்மாகிட்ட போமா" என்று சொன்னேன். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

காலையிலிருந்து வீடு என்றைக்கும் இல்லாத அளவுக்குக் காலியாக இருக்கிறது. டிக்கெட் போட்டாயா?

உன்
ஜெபகுமார்

இங்கிலாந்து
24.11.2024

அன்புள்ள சிம்ரன் அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே குழந்தை வந்துவிட்டது. திருநாள் அன்று சாயங்காலமே படிக்கட்டில் ஓடுகிற சத்தம் கேட்டது. எனக்குப் பயமாக இல்லை. டாக்டரம்மாவின் மகள் வீடு சேர்ந்தாள் என்று ஸ்தோத்திரம் சொன்னேன். இங்கிலீஷில் பேர் கேட்டேன், பதில் இல்லை. வெட்கப்படுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

நேற்று உங்கள் கடிதம் வந்தது. படித்துக்கொண்டிருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் கேட்டது: "ரொம்ப குளுருதுமா. அப்பா எப்ப வருவாரு?"

நீங்கள் பெயர் சொல்லாமல் அனுப்பிவிட்டீர்கள். யார் அம்மா இங்கிலாந்தில் இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாதா? உங்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை.

கான்ட்ராக்டை நீட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். முடிந்தால் நீங்கள் வாருங்கள். முடியாவிட்டால் என்னை மறந்துவிடுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன், உங்கள் காலில் விழுகிறேன். மறுபடியும் அங்கே போய், சிம்ரன் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு
சிம்ரனின் அம்மா