புதுப் பத்தில் ஒரு வெட்டு

மார்ச் 4

காலையில் கல்லாவைத் திறந்ததுமே முதலாளி ஆரம்பித்துவிட்டார். "இன்னைக்காவது சில்லறையை எண்ணுவீங்களா, இல்ல கொஞ்சிக்கிட்டே இருப்பீங்களா?" எண்ணிக்கொண்டேதான் கொஞ்சுகிறேன் என்றேன். என் சேகரிப்பில் பாதி இந்த மருந்துக் கடைக் கல்லாவிலிருந்து வந்ததுதான். ஒரு காசை எடுத்தால் அதே மதிப்புக்கு என் காசைப் போட்டுவிடுவேன். அதனால் அவரும் முணுமுணுப்பதோடு விட்டுவிடுகிறார்.

பழங்காசு எனக்கு வேண்டாம். காசு கொடுத்துக் காசு வாங்குவதிலும் ருசி இல்லை. இன்று கை மாறிக்கொண்டிருக்கும் காசுக்குள் ஒளிந்திருக்கிற கோணல்தான் எனக்கு வேண்டும். நடு தவறி அடித்தது, எழுத்து இரட்டையாக விழுந்தது, முன்பக்கம் நேராக நிற்கப் பின்பக்கம் சாய்ந்து நிற்பது. எத்தனையோ பேர் தொட்டும் யாரும் பார்க்காத ஒன்றை நான் பார்த்துவிட்டேன் என்கிற கர்வம்தான். வேறென்ன.

இன்று அகப்பட்டது ஒரு புதுப் பத்து. போன வருடம் வந்ததிலிருந்து ஊரே திட்டுகிற காசு. அளவும் நிறமும் கனமும் பழைய ஐந்தைப் போலவே இருந்தால் திட்டாமல் என்ன செய்வார்கள்? இதில் விளிம்பில், வருட எண்ணுக்கு நேர் கீழே, ஒரு சின்ன வெட்டு. நகத்தை வைத்தால் மாட்டுகிறது. அடிபட்டது போல இல்லை. அளந்து வைத்தது போல இருக்கிறது.

ராத்திரி தம்பியிடம் காட்டினேன். வீட்டில் நாங்கள் இருவர்தான். வேறு யாரிடம் காட்டுவது? ஷேர் வேன் ஓட்டிவிட்டு வந்த களைப்பில் சோபாவில் சாய்ந்திருந்தான். வாங்கி, கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "எங்கயாவது இடிச்சிருக்கும்க்கா. நொண்டிக் காசுக்கெல்லாம் நீதான் ஆஸ்பத்திரி நடத்துற." கண்ணெடுத்துப் பார்க்கக்கூட இல்லை. ரசனை கெட்டவன்.

மார்ச் 9

இன்னொன்று! அதே பத்து, அதே இடம், அதே வெட்டு.

மார்ச் 21

மூன்றாவது. இனி இது தற்செயல் இல்லை. நாணயச் சாலையில் அச்சு உடைந்திருக்க வேண்டும். அச்சின் ஓரத்தில் ஒரு சில்லு போனால் அதில் அடிக்கிற காசுக்கெல்லாம் அந்தக் குறை ஒட்டிக்கொள்ளும். ஆனால் உடைந்த அச்சு காசில் மேடு உண்டாக்குமே தவிரப் பள்ளம் உண்டாக்காதே? நாணயப் பிழைகள் பற்றிய புத்தகத்தைப் புரட்டினேன். இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. புத்தகத்தில் இல்லாத காசு என் கையில். எங்கள் நாணயச் சேகரிப்புச் சங்கத்துக்காரர்களிடம் இப்போதைக்கு மூச்சு விடப் போவதில்லை.

ஏப்ரல் 2

எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் இருப்புக் கொள்ளவில்லை. வெட்டுப் பத்து நீட்டிய நர்ஸம்மாவிடம் இது எங்கே கிடைத்தது என்று கேட்டேன். கள்ளக் காசு என்று நினைத்துப் பதறிவிட்டார். "வேன்ல மீதி குடுத்தாங்க, இல்லன்னா பேக்கரியில. யாருங்க இதையெல்லாம் ஞாபகம் வச்சுப்பாங்க?" நான் வைத்துக்கொள்வேன்.

மதியம் பேக்கரிக்குப் போய், வேண்டாத பிஸ்கட் ஒன்று வாங்கி, அவர்கள் கல்லாவை எட்டிப் பார்த்தேன். அங்கேயும் ஒன்று கிடந்தது. கெஞ்சி வாங்கிவந்தேன். சந்தையிலிருந்து ஆஸ்பத்திரி வரை, இந்த ஒரே சாலையில்தான் கிடைக்கிறது. பஸ் நிலையத்துப் பக்கம் தேடியும் ஒன்றுகூட இல்லை.

மே 15

ஒரு விசேஷம். ஒவ்வொரு காசையும் அட்டைச் சட்டத்தில் அடைத்து, கிடைத்த நாளையும் எழுதி வைப்பது என் வழக்கம். இன்று எல்லாவற்றையும் நாள்வாரியாகப் பரப்பினேன். மார்ச்சில் கிடைத்தவற்றில் வெட்டு ஒல்லியாக, வருடத்துக்கு நேர் கீழே. ஏப்ரலில் கொஞ்சம் விலகுகிறது. இந்த வாரத்துக் காசில் வெட்டு எங்கோ பக்கவாட்டில், அகலமாக, ஓரம் பிசிறியிருக்கிறது.

அச்சு தேய்கிறது! தேயத் தேயக் குறை நகர்ந்துகொண்டே போகிறது. ஓர் அச்சு மெல்ல மெல்லச் சாவதை வரிசையாகப் பிடித்து வைத்திருக்கிறேன். இப்படி ஒரு வரிசை யாரிடம் இருக்கிறது? ஜூன் கூட்டத்தில் காட்டிவிட வேண்டியதுதான். சந்தோஷத்தில் குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். தம்பி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான். இப்போதெல்லாம் அவன் எதற்கும் வாயைத் திறப்பதில்லை.

ஜூன் 7

மானம் போயிற்று.

நூலக மாடியில் சங்கக் கூட்டம். வரிசையை மேசைமேல் வைத்து ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். சங்கத்தில் இருக்கிற பல் டாக்டரம்மா மட்டும் நெற்றியில் மாட்டுகிற அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்து, "இது அச்சு இல்லைங்க. அரம்" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"நாள் பூரா பல்லை ராவுறவ நான். அரம் போட்ட கோடு எனக்குத் தெரியாதா? ஒவ்வொண்ணும் தனித்தனியா கையால போட்டது. பாருங்க, உங்க முதல் காசுல வெட்டு மங்கிப்போச்சு, கடைசிக் காசுல இன்னும் பளபளங்குது. உங்க வரிசை சரிதான். காரணம்தான் தப்பு."

எங்கள் சங்கத்தில், நாணயச் சாலையை விட்டு வந்தபின் காசில் விழுகிற எந்தக் குறிக்கும் 'காயம்' என்றுதான் பேர். காயம்பட்ட காசு எங்களுக்குக் குப்பை. என் வரிசை மொத்தமும் காயம். யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "எல்லாம் ஒரே ஆள் வேலை. முதல்ல நிதானமா பண்ணியிருக்கார். போகப் போக கை தடுமாறுது. குடிக்கிறவரோ, வயசானவரோ." எனக்கு வெட்கம் ஒரு பக்கம், அரிப்பு ஒரு பக்கம். யார் அந்த ஆள்? எதற்காக? பத்தை மட்டும் ஏன்?

ஜூன் 18

கண்டுபிடித்துவிட்டேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. சிரித்தேன்.

எப்போதும் நடந்துதான் கடைக்குப் போவேன். இன்று மழை. தம்பியின் வேனில் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். சவாரி செய்கிறவர்கள் காசைக் கைமாற்றி முன்னால் அனுப்புகிறார்கள். இவன் பார்வையைச் சாலையிலிருந்து எடுக்காமல் வாங்கி, கட்டைவிரலால் விளிம்பை ஒரு சுற்றுத் தடவி, கியருக்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டு டம்ளர்களில் ஒன்றில் போடுகிறான். ஒரு காசைத் தடவிவிட்டு, "யாரும்மா குடுத்தது, பத்தா அஞ்சா?" என்று கேட்டான். பத்து என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அதைத் தனியாகச் சட்டைப் பையில் போட்டான். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி காலியானதும் ஒரு சின்ன அரத்தை எடுத்து அந்தப் பத்தை ராவ ஆரம்பித்தான். என் எதிரிலேயே!

"அடப்பாவி, நீயா?"

"என்னக்கா பண்றது? புதுப் பத்தும் அஞ்சும் ஒண்ணு மாதிரியே இருக்கு. நான் ரோட்டைப் பாப்பேனா, காசைப் பாப்பேனா?"

"அன்னைக்குக் காட்டினப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ அவ்ளோ சந்தோஷமா இருந்த. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

எத்தனை மாதம் ஊரெல்லாம் அலைந்தேன்! நாணயச் சாலை என் வீட்டுச் சோபாவில் கால் நீட்டிக் கிடந்திருக்கிறது. புத்திசாலிதான். நான் கல்லாவில் உட்கார்ந்து திணறுகிற விஷயத்துக்கு அவன் ஓர் அரத்தில் வழி கண்டுவிட்டான். வரிசையை ஆல்பத்தில் ஏற்றி, மேலே 'தம்பியின் நாணயச் சாலை' என்று எழுதினேன். பெருமையாக இருந்தது.

ஜூன் 20

இல்லை.

மதியம் கடையில் ஆள் இல்லாத நேரம். ஆல்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தடவினால் தெரிவதற்காகத்தான் வெட்டு என்றால் எங்கே வெட்டினாலும் சரிதான். பிறகு ஏன் முதலில் வருடத்துக்கு நேர் கீழே அவ்வளவு நறுவிசாக வெட்டினான்? அவன் அப்படித்தான். சட்டை மடித்தால்கூட ஓரம் ஓரத்தோடு சேர வேண்டும். அப்படிப்பட்டவன் ஏன் இடத்தைத் தவறவிட்டான்? ஓடுகிற வண்டியில் வெட்டவில்லையே. நிறுத்திவிட்டு, பகல் வெளிச்சத்தில், மடியில் வைத்து வெட்டுகிறான். கை தடுமாறுகிறது என்றார் டாக்டர். அவன் குடிப்பதில்லை. வயதும் நாற்பதைத் தொடவில்லை.

சாயங்கால வேன் நடையை எப்போது நிறுத்தினான்? ஏப்ரலில். இருட்டினால் ஆள் ஏறுவதில்லை என்றான். கரண்ட் பில்லை என்னிடம் நீட்டி, "எவ்ளோன்னு படிக்கா" என்கிறான். சோம்பேறி என்று திட்டிவிட்டுப் படித்தேன். குழம்பில் உப்பில்லை என்று சொல்லாதவன் எதைத்தான் சொல்வான்? அவனுக்குச் சர்க்கரை இருக்கிறது. மாத்திரையை இந்தக் கடையிலிருந்து நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். சாப்பிடுகிறானா என்று கேட்டதுண்டா?

விளிம்பில் இருக்கிற மயிரிழைக் கோட்டைப் பார்த்துவிடுவேனாம் நான். எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் முகத்தைப் பார்க்கவில்லை. தேய்ந்தது அச்சு இல்லை. ஐயோ, தேய்ந்தது அச்சு இல்லை.

ஜூன் 21

கேட்டுவிட்டேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. "உனக்குக் கண்ணு தெரியலையாடா?"

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு, "நடுவுலதான் மங்கல்க்கா. சுத்தியும் நல்லாத் தெரியுது. ரோடு தெரியுது, வண்டி தெரியுது, ஆளு தெரியுது. எழுத்துதான் தெரியல. மூஞ்சி தெரியல."

"என் மூஞ்சி?"

"உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா" என்றான். அது பதில் இல்லை.

வண்டி ஓட்டுவதை நிறுத்து என்றேன். வேனுக்கு இன்னும் தவணை இருக்கிறது, ஓட்டாமல் என்ன செய்வது, இந்த ரோடு மனப்பாடம், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்றான். சொன்ன பிறகு அவனுக்கே உறைத்தது. ஆனாலும் விடவில்லை. "நீ உன் காசைப் பாருக்கா. என் பொழப்புல கை வைக்காத." கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனான்.

வேன் ஸ்டாண்டில் போய்ச் சொல்லிவிடலாமா? சொன்னால் அவன் பிழைப்புப் போயிற்று. ஜென்மத்துக்கும் என்னோடு பேச மாட்டான். சொல்லாமல் இருந்தால்? அந்த நர்ஸம்மா தினமும் அவன் வேனில்தான் வருகிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏறுகிறார்கள்.

ஜூன் 22

அவனுக்கு முன்னால் ஸ்டாண்டுக்குப் போய் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். வந்து பார்த்தான். "இறங்குக்கா."

"மாட்டேன். நீ ஓட்டினா நானும் உள்ளதான். தினமும் வருவேன். முட்டினா சேர்ந்து முட்டுவோம்."

"வேலைக்குப் போகல?"

"போகல."

பின்னால் ஆள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நர்ஸம்மா அவசரமாக வந்து உட்கார்ந்து, ஒரு பத்தை முன்னால் நீட்டினார். வாங்கினான். தடவினான். வெட்டு இல்லாத காசு. உள்ளங்கையில் வைத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்படியே காசைத் திருப்பி நீட்டினான். "வண்டி இன்னைக்குப் போகாதும்மா. பின்னாடி வண்டியில போங்க." சாவியைக் கழற்றி என் மடியில் போட்டான். எல்லாரும் முனகிக்கொண்டே இறங்கினார்கள். பின்னால் வந்த அதே வண்டியில் நாங்களும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஜூன் 30

சர்க்கரை கண்ணுக்குள் இறங்கியிருக்கிறதாம். கண் டாக்டர் பொய் சொல்லாத பெண்மணி. போனது திரும்புவது கஷ்டம், ஊசி போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், இன்னும் தாமதித்திருந்தால் அதுவும் இல்லை என்றார். வண்டி ஓட்டுவதைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. நான்தான் கேட்டேன். கூடாது என்றார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதான். சின்ன வயதில்கூட அவன் அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன்.

ஜூலை 26

இரண்டாவது ஊசி. மாத்திரையை என் எதிரில்தான் விழுங்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறேன். ஜெயிலர் என்கிறான். கிண்டல் திரும்பிவிட்டது. போதும்.

ஆகஸ்ட் 19

ஸ்டாண்டில் 'நெட்டை' என்று கூப்பிடுகிற அவன் சிநேகிதன் இப்போது வேனை ஓட்டுகிறான். இவன் கதவோரம் உட்கார்ந்து ஆளைக் கூப்பிடுகிறான், காசு வாங்குகிறான். தவணைக்குச் சரிக்கட்ட முடிகிறது. அதற்குமேல் மிச்சம் இல்லை. முகம் தெரியாவிட்டாலும் குரலை வைத்து எல்லாரையும் அடையாளம் சொல்கிறானாம். இவன் பேச்சைக் கேட்கவே கூட்டம் இந்த வேனில் ஏறுகிறது என்றான் நெட்டை. மீதிதான் இரண்டு தடவை தவறிவிட்டது என்று முகம் வாடி வந்தான். அரம் வைத்துத் தன் விரலையே கிழித்துக்கொண்டிருக்கிறான்.

அக்டோபர் 4

சங்கக் கூட்டம். நான் வரிசையைத் தூக்கிப்போட்டிருப்பேன் என்று நினைத்து ஒருவர் துக்கம் விசாரித்தார். அது ஆல்பத்தில் முதல் பக்கத்தில் இருக்கிறது என்றேன்.

பல் டாக்டர் என்னைத் தனியாக ஓரம் கட்டினார். கைப்பையிலிருந்து ஒரு புதுப் பத்தை எடுத்தார். "நேத்து பேக்கரியில கிடைச்சுது. புது வெட்டு, தூள்கூட இன்னும் போகல. பாருங்க, எவ்வளவு நேரா, வருஷத்துக்குக் கீழேயே இருக்கு. உங்க ஆளுக்குக் கை தேறிடுச்சு போல."

வாங்கிப் பார்த்தேன். வெட்டு நேராகத்தான் இருந்தது. நன்றாகவே வந்திருக்கிறது.

"இல்ல டாக்டர்" என்றேன். "ஆள் மாறியாச்சு. இது நான் போட்டது."