அலறாமல் நகர்ந்த அறை

மார்லிஸுக்கு,

நேற்று முகாமில் நம் வீட்டுவண்டியின், இழுப்பறைபோல் நீளும் பக்க அறையை வெளியே தள்ளியபோது நான், உன் மாமியார் ஆர்டிஸ், நீ, பக்கத்து வண்டிக்காரன் க்ளிஃபர்ட், நால்வரும் இருந்தோம். அறை அலறியதும், "வண்டிய வித்துத் தொலைங்க பெரியவரே" என்று அவன் சிரித்தான். ஆர்டிஸும் தலையாட்டிவிட்டாள்.

நீதான் அடியில் குனிந்து பார்த்து, "மாமா, நீங்க பூசுனது கிரீஸா, இல்ல அரிசோனா மணலப் பிடிக்கிற பசையா?" என்றாய். மரியாதைக் குறைவான பேச்சுதான். ஆனாலும் அறை நகரும் தண்டவாளத்தை வழித்துத் துடைத்து, மணல் ஒட்டாத சிலிக்கோன் மசகு தெளித்தாய். இன்று காலை அறை சத்தமின்றி நகர்ந்தது. வண்டியை விற்கப்போவதில்லை. நன்றி.

நான் குதிரை லாடத்தைக் கம்பத்தில் எறியும் போட்டிக்குப் போகிறேன். அடுப்பின்மேல் பான்கேக் இருக்கிறது. மேப்பிள் பாகு முழுதும் உனக்கே.

வெண்டல்

பின்குறிப்பு: மெக்கானிக் வந்து சரிசெய்ததாக முகாமில் பேசுகிறார்கள். எந்த மெக்கானிக்கும் வரவில்லை. என் மருமகள் செய்தாள்.