லட்டுவின் முதுகு

சேசு மரி சூசை

மயிலாப்பூர்,
16 ஜூன் 2025

அன்புள்ள சோஃபியாவுக்கு,

யாரோ சொல்லி உன் தங்கை ஜொவிட்டா காதில் விழுந்து, அவள் கண்ணும் மூக்கும் வைத்து உன்னிடம் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வருகிற நேரத்தில், நான் குதிரையின் வயிற்றுக்கு அடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

விழவில்லை, கவனி. விழுந்திருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். சேணம் மெதுவாக, கடிகார முள் மாதிரி, பன்னிரண்டிலிருந்து ஆறுக்கு நகர்ந்தது. நான் அதை இறுகப் பிடித்திருந்ததால் கூடவே நகர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் புவியீர்ப்பு மையம் நடத்துகிறவன் நான். என்னிடம் படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். பங்குச் சாமியார் குனிந்து, "இக்னேஷியஸ், இன்னைக்குப் பூசைக்கு வந்தீங்களா, இல்லையா?" என்று கேட்டார். "வந்தேன் ஃபாதர்" என்றேன், அந்த நிலையிலேயே.

குதிரையைக் குற்றம் சொல்லாதே. லட்டு தங்கம். கால் மாற்றிக்கூட நிற்கவில்லை. குற்றம் முழுக்கச் சேணத்தின் மேல்தான். பழைய சேணம், ஒல்லிக் குதிரைக்குச் செய்தது. லட்டுவின் மேல் அதை வைத்தால் பூசணிக்காய்க்குத் தொப்பி போட்ட மாதிரி உச்சியில் நிற்கிறது. இவ்வளவு அகலமான முதுகை நான் வாழ்க்கையில் இன்னொரு இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். நம் சாப்பாட்டு மேஜை.

பெருங்குடிக்குப் பழைய ஃப்ரிட்ஜ் வாங்கப் போனவன் குதிரையோடு திரும்பியது தப்புத்தான். ஆனால் நீ அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும். கல்யாண அலங்காரத் தொழிலை மூட்டை கட்டிக்கொண்டிருந்த சக்திவேல் இரண்டையும் விற்பனைக்கு வைத்திருந்தான். ஃப்ரிட்ஜ் என்னைப் பார்க்கவில்லை. லட்டு பார்த்தது. அதன் மேல் ஏறுகிற மாப்பிள்ளைகளுக்கெல்லாம் பைஜாமா கிழிகிறதாம், அதனால்தான் யாரும் கூப்பிடுவதில்லையாம். ஒரு ஜீவனை இதற்காக ஒதுக்கலாமா?

ஜூலை 25 சந்தியாகப்பர் திருவிழா. இந்த வருஷம் குதிரை ஏறிச் சந்தியாகப்பர் வேஷம் கட்டுகிற முறை எனக்கு. என் அப்பா காத்திருந்து கிடைக்காமலே போன முறை. போன வருஷம் ஃபிரெட்ரிக் வாடகைக்கு மெரினா குதிரையைக் கொண்டுவந்து பட்ட பாடு உனக்கே தெரியும். கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பிப் பழகிய குதிரை, பாதி ஊர்வலத்தில் திரும்பிவிட்டது. சப்பரம் ஒரு பக்கம், சந்தியாகப்பர் ஒரு பக்கம். எனக்கு அந்தக் கதி வரக் கூடாது என்றுதான் சொந்தக் குதிரை.

கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனவள் என் நம்பரையும் பிளாக் செய்திருக்கிறாய். ஜொவிட்டாவும் செய்திருக்கிறாள். குதிரை வாசனை அடிக்கிற எவரையும் உள்ளே விடாதே என்று கொட்டிவாக்கம் வாட்ச்மேனிடம் சொல்லிவைத்திருக்கிறாள். தபால்காரரை மட்டும் விட்டுவைத்திருக்கிறீர்கள். அவருக்கு நல்லது நடக்கட்டும்.

அந்தப் பக்கம் யாரிடமாவது அகலமான பழைய சேணம் இருந்தால் விசாரித்துச் சொல். நீ எப்போது வருகிறாய் என்பதையும் அப்படியே போகிற போக்கில் எழுது.

பால் திரிந்துபோகும் வீட்டிலிருந்து,
உன் இக்னேஷியஸ்

⁂

கொட்டிவாக்கம்,
21 ஜூன் 2025

மயிலாப்பூர் குதிரைக்காரர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிடைப்பதற்கு முன்னாலேயே வீடியோவும் கிடைத்தது. அதில் உங்கள் வேட்டியைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

"இவ்வளவு அகலமான முதுகை நான் வாழ்க்கையில் இன்னொரு இடத்தில்தான் பார்த்திருக்கிறேன்" என்கிற வரியை ஜொவிட்டா சத்தமாகப் படித்துவிட்டு, நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தாள். மேஜை அடுத்த பக்கத்தில் இருந்தது. பக்கத்தைத் திருப்பும் வரை நான் பட்ட அவமானத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு.

எனக்கு ஒரே கேள்வி. ஃப்ரிட்ஜ் எங்கே? நான் அனுப்பியது மீன் வைக்க ஒரு பெட்டி வாங்க. உங்களைக் கேட்காமல் நம் வீட்டுக்கு ஒரு ஊறுகாய் ஜாடிகூட நான் வாங்கியதில்லை. நீங்கள் குதிரை வாங்கினீர்கள். கோபம் குதிரை மேல் இல்லை. அந்தக் 'கேட்காமல்' மேல்.

நான் தையல் டீச்சர் என்பதால் ஒன்று சொல்கிறேன், மன்னித்ததாக நினைக்க வேண்டாம். வீடியோவின் கடைசியில் குதிரையின் வயிற்றைச் சுற்றி டேப் பிடித்து அளந்துகொண்டிருக்கிறீர்கள். வயிற்றை அளந்து யாராவது ரவிக்கை தைப்பார்களா? சேணம் உட்காருவது தோளுக்குப் பின்னால். அங்கே ஒரு கெட்டிக் கம்பியை அழுத்தி வளையுங்கள். அந்த வளைவை அட்டையில் வரைந்து வெட்டுங்கள். அளவு ரவிக்கை கொண்டுபோகிற மாதிரி கடைக்கு அதைக் கொண்டுபோங்கள். கம்பி வேண்டும் என்று என் துணி காயப்போடும் கம்பியைத் தொட வேண்டாம்.

சோஃபியா

⁂

சேசு மரி சூசை

மயிலாப்பூர்,
3 ஜூலை 2025

அன்புள்ள தையல் டீச்சருக்கு,

உன் கம்பியைத்தான் எடுத்தேன். வேறு கம்பி வளையவில்லை. மீதிக் கம்பியில் துணி காய்கிறது, கொஞ்சம் நெருக்கமாக.

அட்டை தயார். பார்க்கப் பெரிய பிறை மாதிரி இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு தி.நகர் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் கேட்டார், "இன்னா சார் இது?"

"குதிரை முதுகு."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "உக்காரு சார். ஜன்னலாண்ட உக்காரு. காத்து வரும்."

தி.நகரில் தோல் பை விற்கிறவர்கள் நான்கு தெருவுக்கு என்னைத் துரத்தி சூட்கேஸ் காட்டினார்கள். அடையாறில் ஒருவர் வீட்டில் பழைய போலீஸ் சேணம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். இருந்தது. உயரமான குதிரைக்குச் செய்தது, அகலத்துக்கு ஆகாது. போன இடத்தில் காபி கொடுத்து, பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம், உங்கள் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். வந்ததற்கு ஜாதகம் கிடைத்தது.

கடைசியில் மெரினாவில் பீர் முஹம்மது. இருபது குதிரை பார்த்த மனிதர். அட்டையை மணலில் நட்டு நிறுத்தினேன். அவர் தன் சேணங்களை ஒவ்வொன்றாக அதன் மேல் கவிழ்த்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் அட்டையின் உச்சியில் காக்கா மாதிரி உட்கார்ந்தது.

"சார், நெசமா சொல்லு. இது குதிரையா, இல்ல தோசக்கல்லுக்கு நாலு கால் வெச்சிகினு வந்தியா?"

"குதிரைதான் பாய்."

"பீச்சு குதிர எல்லாம் ஒல்லி நைனா. சுண்டல் துன்னுட்டு ஓடுது. உன்னுது பிரியாணி துன்ற குதிர. இதுக்குச் சேணம் மெட்ராஸ்ல கெடைக்காது. பேசாம மெத்தைய கட்டிகினு போ."

மெத்தையையும் கட்டிப் பார்த்தேன். மெத்தையோடு விழுந்தேன். அடிபடவில்லை, அதற்கு மெத்தைதான் காரணம்.

ஃபாதர் நேற்றுக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இருபதாம் தேதிக்குள் சேணம் வராவிட்டால், சந்தியாகப்பர் இந்த வருஷம் சின்ன லாரியில் நின்றபடி வருவார். வேஷமும் ஃபிரெட்ரிக்குக்கே. லாரி திரும்பாது அல்லவா என்கிறார்.

'கேட்காமல்' என்று நீ எழுதியதைப் பல தடவை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் வேடிக்கையாகவே வருகிறது, அது என் வியாதி. கேட்டால் வேண்டாம் என்று சொல்வாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. இதை நேரே சொல்லத் தைரியம் இல்லாததால் நடுவில் பீர் முஹம்மதைக் கொண்டுவந்தேன்.

லட்டு நலம். நீ கேட்கவில்லை, ஆனாலும்.

உன்,
இக்னேஷியஸ்

⁂

கொட்டிவாக்கம்,
8 ஜூலை 2025

இக்னேஷியஸுக்கு,

கடைசிப் பத்திக்கு முந்தின பத்தியை ஜொவிட்டாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

அட்டையை இங்கே அனுப்புங்கள். குதிரைக்காக இல்லை. ஃபிரெட்ரிக் பெண்டாட்டி இன்னொரு வருஷம் சந்தியாகப்பர் சம்சாரமாக முன் பெஞ்சில் உட்காருவதை என்னால் பார்க்க முடியாது.

கடையில் இட்லி மாவு வாங்கினால் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். வெளியே வைத்தால் பொங்கும்.

சோஃபியா

⁂

சேசு மரி சூசை

மயிலாப்பூர்,
26 ஜூலை 2025

என் அன்பான, பொன்னான சோஃபியாவுக்கு,

பதினெட்டாம் தேதி மினி லாரியில் ஒரு சாக்கு மூட்டை வந்தது. சீட்டு இல்லை, பெயர் இல்லை. பிரித்தால் சேணம்! சிவப்புத் தோல், பித்தளைக் குமிழ், கொஞ்சம் மசாலா வாசனை. லட்டுவின் மேல் வைத்தேன். அழுத்தவில்லை, ஆடவில்லை. தோசைக்கல்லில் மாவு பரவுகிற மாதிரி போய் உட்கார்ந்தது. உன் கையெழுத்து எங்கும் இல்லாவிட்டாலும் யார் அனுப்பியது என்று எனக்குத் தெரியாதா?

நேற்றைய ஊர்வலத்தைக் கேள். வெள்ளை அங்கி, தகர வாள், ஒட்டுத் தாடி. கச்சேரி ரோடு வரை லட்டு ராஜநடை. ஆனால் அது கல்யாணக் குதிரை என்பதை நான் மறந்துவிட்டேன். கல்யாண மண்டபம் ஒன்றில் சீரியல் லைட் போட்டு, வாசலில் பேண்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆடி மாசத்தில் ஏது கல்யாணம்? ஆடித் தள்ளுபடி ஜவுளி விற்பனை. லட்டுவுக்கு ஆடி தெரியுமா? லைட்டைப் பார்த்தது. மேளத்தைக் கேட்டது. நேரே உள்ளே போய்விட்டது.

நைட்டிகளுக்கும் போர்வைகளுக்கும் நடுவில் நான் வாளோடு நிற்கிறேன். கல்லாவிலிருந்து முதலாளி அய்யாதுரை எழுந்து கும்பிட்டார். "வாங்கண்ணாச்சி, வாங்க! குதிரைலயே வந்திருக்கீயளே! குதிரைக்கு ஜமுக்காளம் பாக்கீயளா?" பன்னீர் தெளித்தார்கள். ஒரு பெண் இன்னொருத்தியிடம், "மாப்பிள்ளைக்கு வயசு ஜாஸ்திதான், ஆனா நல்லா உக்காந்திருக்கார்" என்றாள். நல்லா உட்கார்ந்திருந்தேன் சோஃபியா! லட்டு போர்வை அடுக்கைச் சுற்றித் திரும்பியது, படி இறங்கியது, பேண்டுக்கு ஒரு ஆட்டமும் போட்டது. சேணம் ஒரு இம்மி நகரவில்லை. வெளியே வரும்போது எனக்குப் பின்னால் பங்கு ஜனங்களோடு பாதி ஜவுளிக் கூட்டமும் ஜெபமாலைக்குப் பதில் சொல்லிக்கொண்டு வந்தது. ஃபாதர் இதுவரை இவ்வளவு கூட்டம் பார்த்ததில்லையாம்.

முனையில் ஜொவிட்டா குடைக்குப் பின்னால் உன் பச்சைப் புடவையைப் பார்த்தேன். நீ சிரித்தாய். ஒட்டுத் தாடி நனைந்து ஒரு பக்கம் கழன்றது, அதற்குக் காரணம் பன்னீர் என்றே வைத்துக்கொள்.

வெயிலில் அந்த அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஈசிஆர் முழுக்கக் கடை கடையாக நீ ஏறி இறங்குவது என் கண் முன்னாலேயே நிற்கிறது. ஒவ்வொரு சேணத்திலும் வைத்து, இல்லை, இது என் இக்னேஷியஸுக்கு ஆகாது என்று நீ தலையாட்டுவது தெரிகிறது. என் அப்பாவுக்குக் கிடைக்காததை எனக்கு நீ தேடிக் கொடுத்தாய். இதற்கு நான் என்ன செய்வேன்? இனி எதையும் கேட்காமல் வாங்க மாட்டேன். இந்தக் கடிதத்துக்கு ஸ்டாம்பு வாங்கும்போதே உன்னைக் கேட்கத் தோன்றியது.

வந்துவிடு.

உன்னுடையவன்,
இக்னேஷியஸ்

⁂

கொட்டிவாக்கம்,
29 ஜூலை 2025

என்னங்க,

சனிக்கிழமை காலையில் வருகிறேன். கூடவே ஃப்ரிட்ஜும் வருகிறது. இங்கே ஈசிஆரில், ராஜஸ்தான் கூடாரம் மாதிரி வேஷம் போட்ட ஓட்டல் ஒன்றை மூடினார்கள். அங்கே வாங்கினேன். உங்களைக் கேட்கவில்லை. இப்போது கணக்கு சரி. கேஸ் அடைக்கக் கொடுத்திருந்ததால் இவ்வளவு நாள் ஆனது. வண்டியில் ஆடி வருவதால் இறக்கியதும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ஆர்வத்தில் நீங்கள் ஸ்விட்சைத் தொடாதீர்கள். நான் போடுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்து அழுகை வந்தது. அதனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எந்தக் கடையிலும் ஏறி இறங்கவில்லை. அந்த ஓட்டல் வாசலில், வருகிறவர்கள் உட்கார்ந்து போட்டோ எடுக்க, ஒரு தண்ணீர் டிரம்மைப் படுக்கவைத்து அதன் மேல் சேணம் போட்டிருந்தார்கள். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து அது டிரம் அகலத்துக்கு விரிந்துவிட்டது. டிரம்மைப் பார்த்ததும் லட்டு ஞாபகம் வந்தது. ஃப்ரிட்ஜ் வாங்கினால் அந்தச் சேணத்தையும் சும்மா எடுத்துக்கொண்டு போங்க என்றார் மேனேஜர் நீரஜா.

லட்டுவுக்கு கேரட் கொண்டுவருகிறேன். ஃப்ரிட்ஜில் கேரட்டுக்கு ஒரு தட்டு ஒதுக்கலாம், அதற்கு மேல் கேட்கக் கூடாது.

பிறகு, உங்கள் அட்டை. அது வந்த அன்றே ஜொவிட்டா ஏசிக்குப் பக்கத்து ஓட்டையில் புறா நுழையாமல் அதைச் செருகிவிட்டாள். இன்றும் அங்கேதான் இருக்கிறது. அளவு கச்சிதம்.

சோஃபியா